டாக்டர் அறைக்குச் செல்வோரின் கனிவான கவனத்திற்கு

நோயாளி மருத்துவமனைக்கு வருவது டாக்டரைப் பார்ப்பதற்காக என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகள் சிலர் இருக்கிறார்கள். நம் அறிவிப்பாளரும் அவர் மனைவியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். அவர்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

அறிவிப்பாளருக்கு பஸ் நிலையத்தில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது புறப்படுகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று மைக்கில் சொல்ல வேண்டும். கனமான குரல். அவர் வாயைத் திறந்தால் போதும், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஊரில் அந்தக் குரலைத் தெரியாதவர் கிடையாது, ஆளைத் தெரிந்தவரும் கிடையாது.

போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எதுவும் சரியாகவும் இல்லை. காலையில் கண் விழித்தால் கட்டிலை விட்டு இறங்க மனம் வராது. இறங்கிவிட்டாலோ உட்கார முடியாது. ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவே கூண்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். வீட்டில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவார், அலமாரியைத் திறப்பார், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவார். மனைவி அவரை மனநல மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா நாலு கேள்வி கேட்டு, மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளில் பல் தேய்க்கிற அளவுக்கு மனுஷன் தேறினார். தானாகவே ஒரு நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

அதற்குள் மாத்திரை தீர்ந்துபோயிற்று. டாக்டரம்மாவைப் பார்க்க மறுபடி நாள் கேட்டால், "மருத்துவமனை மேம்படுத்தப்படுகிறது, பொறுத்திருக்கவும்" என்று பதில் வந்தது. பொறுத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிப்போக பஸ் நிலையத்துக்கு வந்த மனைவி, அவர் கூண்டில் இல்லாததைக் கண்டாள். மேடையின் ஓரத்தில், பஸ்கள் வேகமாகத் திரும்பி உள்ளே வருகிற இடத்தில், கால்விரல்கள் விளிம்பைத் தாண்டி நிற்கும்படி நின்றுகொண்டிருந்தார்.

"இங்க என்னங்க பண்றீங்க?"

"சும்மா பாத்துட்டிருந்தேன்."

அன்று ராத்திரி அவள் வாசல் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தாள். மறுநாள் காலையில் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்றாள். டாக்டரம்மாவிடம் அந்த மேடை விஷயத்தைச் சொல்ல வேண்டும், மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மருத்துவமனை மேம்பட்டிருந்தது. டாக்டர் அறைக்கு ஏறும் மாடிப்படியை மறித்து ஒரு கண்ணாடித் தடுப்பு, அதன் மேல் 'நோயுணர்வு அளவீட்டுப் பிரிவு' என்று பலகை. தடுப்புக்கு இந்தப் பக்கம் கூடம் நிறைய ஜனம். அந்தப் பக்கம் மாடியில், கதவு திறந்த அறையில், டாக்டரம்மா காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கூடத்தின் மூலையில் கை கழுவும் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது.

"முதல்ல அளக்கணும் சார்," என்றாள் அளவீட்டு அலுவலர். இஸ்திரி கலையாத புன்னகை. "உங்களுக்கு இருக்கிற நோயை நீங்களே எவ்வளவு புரிஞ்சு வெச்சிருக்கீங்கன்னு பாப்போம். எங்க இயக்குநர் கண்டுபிடிச்ச நோயுணர்வுக் கோல். புரியாதவங்களுக்கு மருந்து குடுத்தா, மருந்துக்கு என்ன மரியாதை?"

மனைவி வாய் திறப்பதற்குள் அவளைத் தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தாரைத் தனியாக அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்ப்பது இங்கே முறை. அந்த மீதத்துக்குப் புரிதல் இடைவெளி என்று பெயர்.

"உங்களுக்கு மனச்சோர்வு நோய் இருப்பதை ஏற்கிறீர்களா? முழுமையாக, ஓரளவு, சிறிதும் இல்லை."

"காலையில முழுசா. சாயங்காலம் கொஞ்சம் கம்மி."

"காலை, சாயங்காலம்லாம் இதுல இல்ல சார்."

"அப்ப ஓரளவு."

"அடுத்தது. எதிர்காலத்தில் நல்லது நடக்காது என்று தோன்றினால், அது நோயின் அறிகுறியா, உங்கள் சொந்தக் கருத்தா?"

அறிவிப்பாளர் யோசித்தார். "நான் பஸ் நிலையத்துல வேலை பாக்குறேன்மா. அங்க இருக்கிறவங்க எல்லாருக்கும் அது சொந்தக் கருத்துதான்."

பக்கத்து அறையில் மனைவியிடம், "உங்கள் கணவர் தம் நோயின் சமூக விளைவுகளை உணர்ந்திருக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள், "அவர் சாப்பிட மாட்டேங்கிறார், தூங்க மாட்டேங்கிறார், பஸ் வர்ற இடத்துல போய் நிக்கிறார்ங்க," என்றாள். "அது விடைகள்ல இல்லைம்மா," என்று பதில் வந்தது.

அளந்து முடித்ததும் அலுவலர் வருத்தத்தோடு தலையசைத்தாள். அறிவிப்பாளருக்கு மார்க் குறைவு. அளவீட்டின்போது மூன்று தடவை எழுந்து நடந்ததற்குத் தனியாகக் கழித்திருந்தார்கள்.

"என்னால உட்கார முடியலம்மா. அதுக்குத்தான் டாக்டரைப் பாக்கணும்."

"பாத்தீங்களா? உட்கார முடியாதது நோயோட அறிகுறின்னு நீங்களே சொல்ற அளவுக்கு இப்பத்தான் முன்னேறியிருக்கீங்க. இதை அளக்கும்போதே சொல்லியிருக்கலாமே சார். பரவாயில்ல, புரிதல் வகுப்புல சேர்ந்துடுங்க."

"வகுப்பு இருக்கட்டும். ஒரு நிமிஷம், அந்த டாக்டரம்மாகிட்ட நான் மட்டும் போய் ஒரு வார்த்தை..." என்று மனைவி கெஞ்சினாள்.

"அளக்காம பாத்தா, அவர் குணமானாலும் கணக்குல வராதும்மா. உங்களுக்குத்தானே நஷ்டம்?"

புரிதல் வகுப்பு கூடத்தின் பின்பகுதியிலேயே, அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நடந்தது. பயிற்றுநர் முன்னே நின்று, "என் நோயை நான் அறிவேன்," என்பார். எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அழுதுகொண்டே சொல்லக் கூடாது, உச்சரிப்பு கெடும். அறிவிப்பாளர் நின்றபடியே சொன்னார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் கனமான பையை மடியில் வைத்துக்கொண்டு, சொட்டுகிற குழாயையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நாளா?" என்று மெதுவாகக் கேட்டார் அறிவிப்பாளர்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நான் குழாய் ரிப்பேருக்கு வந்தவன்."

நடந்தது இதுதான். குழாயைச் சரிபார்க்க வந்தவரைக் கண்ணாடித் தடுப்பில் நிறுத்தி, உங்களுக்கு நோய் இருப்பதை ஏற்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சிறிதும் இல்லை என்றார். சிகிச்சை தேவையா என்றார்கள். தேவையில்லை என்றார். எல்லாக் கேள்விக்கும் மனசாட்சிப்படி பதில் சொல்லிப் பூஜ்யம் வாங்கினார். 'நான் குழாய் ரிப்பேர்காரன்' என்று அவர் கத்தியதற்கு, "எல்லாரும் உள்ள வர்றதுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்றாங்க சார்," என்று ஆறுதல் சொன்னார்கள். குடும்பத்தாரை அளக்க வேண்டும் என்று அவர் மனைவியை வரவழைத்து, உங்கள் கணவருக்கு நோய் இருப்பதாக நினைக்கிறீர்களா என்று கேட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வராத புருஷன் மேல் கொதித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், "அந்தாளுக்கு இல்லாத நோயா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பிரிவின் வரலாற்றிலேயே பெரிய புரிதல் இடைவெளி அதுதானாம். படமாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள்.

நோய் இல்லாதவனும் நோய் இல்லை என்பான், இருப்பதை உணராதவனும் இல்லை என்பான், கோல் இருவரையும் எப்படிப் பிரிக்கும் என்று டாக்டரம்மா ஒரு கூட்டத்தில் கேட்டாராம். "நோய் இல்லாதவன் மருத்துவமனைக்கு எதுக்கு டாக்டர் வர்றான்?" என்று இயக்குநர் திருப்பிக் கேட்க, கூட்டம் கைதட்டிக் கலைந்ததாம்.

வீட்டில் மனைவியின் தங்கைதான் வழி கண்டுபிடித்தாள். போட்டித் தேர்வு எழுதியே வயதை ஓட்டியவள் அவள். எந்தக் கேள்வித்தாளைப் பார்த்தாலும் அதை எழுதியவரின் முகம் அவளுக்குத் தெரியும்.

"மாமா, உங்களுக்கு என்ன தோணுதோ அதை ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்களே."

"கேட்டா? அவங்க எதைக் கேக்க ஆசைப்படுறாங்களோ அதைச் சொல்லணும். சொல்லுங்க: 'என் அவநம்பிக்கை என் நோயின் குரலே தவிர, என் குரல் அல்ல.'"

அறிவிப்பாளர் அறைக்குள் நடந்துகொண்டே அதைச் சொன்னார். குரல் கம்பீரமாக வந்தது. இல்லாத பஸ்ஸைக்கூட இருப்பதாக நம்பவைக்கிற குரல் அது. மச்சினிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனைவிக்கு மட்டும் பயமாக இருந்தது. அவர் சொல்கிறபோது வாய் மட்டும்தான் அசைந்தது, கண் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

"இவரு சொல்றது இவருக்கே கேக்கலடி," என்றாள் தங்கையிடம்.

"கேக்கணும்னு என்னக்கா அவசியம்? மார்க் வந்தா மேல போயிடலாம்."

மார்க் வந்தது. நூற்றுக்கு நூறு. அலுவலர் புன்னகையை மறந்து எழுந்து உள்ளே ஓடினாள். மனைவி மாடிப்படியைப் பார்த்தாள். காலி நாற்காலிக்கு முன்னால் டாக்டரம்மா இன்னும் உட்கார்ந்துதான் இருந்தார். இன்னும் ஒரு கதவுதான் என்று நினைத்தாள். அந்தக் கதவிலிருந்து இயக்குநர் வந்தார்.

இயக்குநர் மெலிந்த மனிதர். கண்ணைச் சுற்றிக் கருவளையம், கையில் நிற்காமல் ஆடுகிற பேனா. அறிவிப்பாளரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கண் கலங்கினார்.

"இத்தனை வருஷ ஆராய்ச்சியில நான் தேடினது உங்களைத்தான் சார். இவ்வளவு முழுசா உணர்ந்த நோயாளி உலகத்திலேயே கிடையாது."

"அப்ப டாக்டரைப் பாக்கலாமா?" என்றாள் மனைவி.

இயக்குநர் பதறிப்போனார். "டாக்டரையா? நல்லா இருக்கே! மருந்து குடுத்து இவர் குணமாயிட்டா, அப்புறம் உணர்றதுக்கு நோய் எங்க இருக்கும்? நூறு சைபராயிடும்மா. உங்க வீட்டுக்காரரை நீங்களே இப்படிக் கெடுக்கலாமா?"

"அவரு தூங்கி வாரக்கணக்காச்சுங்க."

"நானும்தான் தூங்கல. தொண்டையில சாப்பாடு இறங்கல. வீட்ல யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. ஜன்னல்கிட்ட போய் நின்னா நேரம் போறதே தெரியல. இதுக்கெல்லாம் நோய்னு பேர் வெக்க முடியுமா? இதுக்குப் பேர் அர்ப்பணிப்பு." அவர் பேனா ஆடிக்கொண்டிருந்தது. "அடுத்த வாரம் ஆண்டு மாநாடு. இவர்தான் மாதிரி நோயாளி. மேடையில நின்னு பேசட்டும்."

மேடை என்ற வார்த்தையைக் கேட்டதும் மனைவி கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு வாரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை அங்கதமாக எழுத எனக்கு வராது. அவர் வேலைக்குப் போனால் கூடவே போய்க் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். அவர் எழுந்தால் எழுந்தாள். டாக்டரம்மாவே இரண்டு தடவை கீழே இறங்கி வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தாராம். அளவெடுப்பு நடக்கிறபோது டாக்டர்கள் நோயாளியின் கண்ணில் படக்கூடாது, மார்க் பாதிக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மாநாட்டு அரங்கம் அதே கட்டடத்தின் பக்கவாட்டில் இருந்தது. பெரிய பெரிய ஆட்கள் கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தார்கள். அரங்கத்தில் இடம் போதாது என்று கூடத்திலும் மாடியிலும் டாக்டர் அறையிலும்கூட ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். நோயாளிகளும் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. அதே ஆசையில், பார்வையாளர்கள் சுற்றிப் பார்க்க வசதியாக, அன்று ஒரு நாள் மட்டும் கண்ணாடித் தடுப்பையும் திறந்து வைத்திருந்தார்கள்.

"இந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து," என்று இயக்குநர் முழங்கினார், "டாக்டரைப் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை அநேகமாக இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். ஆனால் புரிதல்? அது வளர்ந்துகொண்டே இருக்கிறது! ஒரு காலத்தில் இங்கே வந்தவர்கள் குணமாகிப் போனார்கள். தங்களுக்கு என்ன இருந்தது என்றே தெரியாமல் போனார்கள்! அந்த அவலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டோம்."

அரங்கம் அதிர்ந்தது. அறிவிப்பாளரை மேடைக்கு அழைத்தார்கள். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து தன் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவர் மைக்கின் முன் வந்து நின்றார். மச்சினி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைத் தேடினார். வரவில்லை. மைக்கைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மைக்கைப் பார்த்தால் வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான்.

"டாக்டர் அறைக்குச் செல்வோரின் கனிவான கவனத்திற்கு," என்றார்.

கூடத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"டாக்டர் மாடியில், கடைசி அறையில் தயாராக இருக்கிறார். மார்க் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள், பூஜ்யம் வாங்கியவர்கள் அனைவரும் உடனே செல்லவும். வழி திறந்திருக்கிறது. மீண்டும் அறிவிக்கிறோம்..."

மீண்டும் அறிவிக்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் குரலுக்குப் பிறந்ததிலிருந்து எழுந்து ஓடிப் பழகிய கால்கள் அவை. பயிற்றுநர் "என் நோயை நான்..." என்று தொடங்குவதற்குள் வகுப்பு காலி. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிப்பேர்காரர்தான் முதலில் ஓடினார். அளவீட்டு அலுவலர், பாவம், அவளும் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு நாலு படி ஏறிவிட்டுத்தான் நின்றாள்.

மனைவி மேடையில் ஏறி, கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். டாக்டர் அறை வாசலில் கூட்டம். ஆனாலும் குரலுக்கு உரியவர் வருகிறார் என்று தெரிந்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே ரிப்பேர்காரரின் முறை நடந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையேப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டரம்மா.

"ஐயோ, அப்படி மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். மறுபடி முதல் பாடத்துல உட்கார வெச்சிடுவாங்க."

அதற்குள் சுவரிலிருந்த ஒலிபெருக்கி செருமியது. இயக்குநர் தடுமாறவெல்லாம் இல்லை. "கண்டீர்களா?" என்றது குரல். "ஒரே நொடியில் கூடம் முழுவதும் தாங்களாகவே எழுந்து சிகிச்சைக்கு ஓடியிருக்கிறார்கள்! தமக்கு நோய் இருப்பதை உணர்ந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? கோல் வென்றுவிட்டது! இனி இந்த ஓட்டத்தையும் அளப்போம். யார் முதலில் ஓடினார், யார் தயங்கினார்..." கைதட்டல் காதைப் பிளந்தது.

டாக்டரம்மா ரிப்பேர்காரரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, அறிவிப்பாளருக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நாற்காலியின் பின்னால் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"என் அவநம்பிக்கை என் நோயின் குரலே தவிர..." என்று அவர் தொடங்கினார். மேடையில் வராதது இப்போது பார்த்து வந்து தொலைத்தது. ஒலிபெருக்கி அதற்கு மேல் கத்தியது.

மனைவி, அந்த மேடை விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டரம்மா அவளைக் கையால் பொறுக்கச் சொல்லிவிட்டு, வாசலை எட்டிப் பார்த்தார்.

"குழாய்க்காரரே, உங்க பையில கட்டர் இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"அந்த ஒயரை வெட்டிவிடுங்க."

வந்த நாளிலிருந்து அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை அது. நாற்காலி மேல் ஏறி, ரசித்து, ஒரே வெட்டு. மாடியிலும் கீழே கூடத்திலும் சேர்த்து இயக்குநர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனார். அறையில் சத்தமே இல்லை. கீழே கூடத்தில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. ரிப்பேர்காரர் நாற்காலியைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

"இப்ப சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

அறிவிப்பாளர் மனைவியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்து, அதில் மெதுவாக உட்கார்ந்தார்.

"முடியல டாக்டர்," என்றார். ஊரே அறிந்த அந்தக் குரல் அதில் கொஞ்சமும் இல்லை. "அன்னைக்கு பஸ் வர்ற இடத்துல நான் சும்மா நிக்கல."

மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா தன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு நேரம் இருக்கு, மெதுவா சொல்லுங்க," என்றார்.